தேக்குப் பலகைத் தரை: தளம் காயட்டும் முதலில்

கீழ்த்தளத்தில் கான்கிரீட் போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது, அடுத்த வாரமே தேக்குப் பலகை பதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க, பொறுங்கள். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும், 4 அங்குலத் தளம் காய நாலு மாதம்கூட ஆகலாம். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர் முத்து கோத்திருந்தாலோ சிமெண்ட் கறுத்திருந்தாலோ பலகையைத் தொடவே கூடாது. ஒன்றும் தெரியாவிட்டாலும் ஈரப்பத மீட்டர் வைத்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம், பூச்சு, பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகே பலகையை உள்ளே கொண்டுவாருங்கள். கட்டுகளைப் பிரித்து, இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்கி, அதே அறையில் ஒரு வாரமாவது கிடக்கட்டும். சுவரோரம் 10 முதல் 12 மி.மீ. இடைவெளி கட்டாயம், ஆசாரி ஒட்டியே போடலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், மழைக்காலத்தில் மரம் உப்பி நடுவில் தூக்கிவிடும்.