மருத்துவமனைக் கழிவுநீருக்கு ஒளிவினையூக்கித் தொட்டி வாங்கலாமா?

கேள்வி: 50 படுக்கை மருத்துவமனையில் கழிவுநீர் சுத்திகரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய தொட்டியில் புற ஊதா விளக்கு போட்டால் ஆன்டிபயாடிக் எல்லாம் சிதைந்துவிடும் என்கிறார் ஒரு விற்பனையாளர். மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம் கலந்த தண்ணீர் அரை மணி நேரத்தில் வெளுத்ததையும் காட்டினார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் அக்கறை ரொம்பச் சரி. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையில் ஏறத்தாழ பாதி, உடம்பில் மாறாமலேயே சிறுநீரில் வெளியேறுகிறது. ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விட்ட தண்ணீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை அந்த மருந்து இருந்தது 2007-ல் வெளியான ஆய்வில் தெரிந்தது. மருந்து சாப்பிட்டவரின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது.

ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும் பொருள்தான் ஒளிவினையூக்கி, அந்தத் தத்துவமும் உண்மைதான். 387 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளமுள்ள ஒளி பட்டால் டைட்டானியம் டை ஆக்சைடில் எலக்ட்ரான் இடம்பெயர்ந்து, தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல்கள் என்ற மிகத் தீவிரமாக வினைபுரியும் துகள்கள் உண்டாகும், அவை எதிர்ப்பட்டதையெல்லாம் சிதைக்கும். சிக்கலும் அங்கேதான். மருத்துவமனைக் கழிவுநீரில் ஆன்டிபயாடிக் பெரும்பாலும் மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கும், ஆனால் சோப்பு, மலஜலம், பைகார்பனேட் எல்லாம் மில்லிகிராம் கணக்கில் இருப்பதால் ரேடிக்கல்கள் அவற்றிலேயே தீர்ந்துபோகும், உங்களுடையது உப்புத் தண்ணீர் என்றால் குளோரைடும் கொஞ்சம் தின்றுவிடும். கலங்கல் இருந்தால் ஒளியே உள்ளே போகாது. விளக்கு வேண்டாம், வெயிலே போதும் என்று சொன்னாலும் யோசியுங்கள், வெயிலில் புற ஊதாப் பங்கு 5 சதவீதம்தான்.

சாயம் வெளுத்ததை நம்ப வேண்டாம். மெத்திலீன் ப்ளூ பூச்சில் ஒட்டிக்கொண்டாலும் நிறம் போகும், ஒளியில் தானாகவும் சிதையும். உங்கள் நிலையத்தில் உயிரியல் சுத்திகரிப்பும் மணல் வடிகட்டலும் முடிந்த தண்ணீரை எடுத்துக் கொடுங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பூச்சு மட்டும், பூச்சில்லாமல் விளக்கு மட்டும், அப்புறம் இரண்டும் சேர்த்து என்று மூன்று முறை ஓட்டச் சொல்லுங்கள். மூன்றாவது மற்ற இரண்டையும் தெளிவாக மிஞ்சினால்தான் அடுத்த பேச்சு. மருந்தின் அளவோடு, பாக்டீரியாவைத் தாக்கும் திறன் தண்ணீரில் மிச்சமிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் மூல மருந்து காணாமல் போனாலும் அதன் துண்டுகள் அந்தத் திறனோடு மிஞ்சலாம்.

தேறினால் கடைசிக் கட்டமாக வையுங்கள், ஒரு கன மீட்டருக்கு எவ்வளவு மின்சாரம் என்று எழுதி வாங்குங்கள். தேறாவிட்டால் மருந்தை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் கார்பன் என்ற கரிக்கு விலை கேளுங்கள். மருந்து எச்சங்களை நீக்க 2016-ல் சட்டம் கொண்டுவந்த சுவிட்சர்லாந்தில் பெரிய நிலையங்கள் அதையும் ஓசோனையும்தான் முக்கியமாக நம்புகின்றன.

மாதிரியைப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஐஸில் வைத்து அனுப்புங்கள். சாதா பாட்டிலில் வெயில் பட்டால் சிப்ரோஃப்ளாக்சசின் வழியிலேயே சிதைந்து, முடிவு பொய்யாகக் குறைந்து வரும்.