மேகசின் மாட்டும் பம்ப் ஷாட்கன் வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? முதல் அனுபவம் எப்படி இருந்தது?

நான் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. இருப்பது டெக்சஸில், ஹூஸ்டனுக்கு வெளியே. துப்பாக்கி மாஸ்பெர்க் 590எம், 12 கேஜ். இதுவரை 250 தோட்டா சுட்டிருப்பேன். பத்தாயிரம் சுட்டவர் யாராவது வந்து என்னைத் திருத்தினால் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. தோட்டக் காவலுக்கென்று உரிமம் வாங்கி வைத்திருப்பார்களே, தேர்தல் அறிவித்ததும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பார்களே, அந்த இரட்டைக்குழல் துப்பாக்கியின் இனம்தான் இதுவும். அங்கே 12 போர் என்பது இங்கே 12 கேஜ். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஒன்றின் விட்டம் என்னவோ அதுதான் குழலின் உள்விட்டம், ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். பம்ப் என்றால் குழலுக்குக் கீழே உள்ள பிடியை ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும். இழுத்தால் சுட்ட கூடு வெளியே தெறிக்கும், தள்ளினால் அடுத்தது உள்ளே ஏறும்.

வழக்கமான பம்ப் ஷாட்கன்னில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு டியூபுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். இதில் டியூபுக்குப் பதில் கழற்றி மாட்டும் பெட்டி, அதைத்தான் மேகசின் என்கிறேன். 2018-ல் ரெமிங்டனின் 870 டிஎம், மாஸ்பெர்க்கின் 590எம் இரண்டுமே கடைக்கு வந்தன. 1950-லிருந்து விற்கும் 870-க்கு அவ்வளவு காலம் கழித்துத்தான் பெட்டி கிடைத்தது. இதற்குக் காரணம் தோட்டாவேதான். அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். அடுக்கும்போது ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் மாட்டிக்கொள்ளப் பார்க்கும். உடல் பிளாஸ்டிக் என்பதால் ஸ்பிரிங் அழுத்தத்திலேயே நெடுநாள் கிடந்தால் நசுங்கவும் செய்யும். ரைபிள் தோட்டாவுக்கு இந்தத் தொல்லை குறைவு. ரெமிங்டன் ஒற்றை வரிசையில் ஆறு வைத்தது. மாஸ்பெர்க் இரட்டை வரிசையில் அடுக்கி 5, 10, 15, 20 என்று நான்கு அளவில் தந்தது.

இருபது என்றதும் எல்லோருக்கும் கண் விரிகிறது. நான் வாங்கியது அதற்காக இல்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர், எழுபதைத் தாண்டியவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பழைய டியூப் துப்பாக்கியைக் காலி செய்து காட்டினார். ஒவ்வொரு முறை பம்ப் செய்யும்போதும் ஒரு தோட்டா சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா வெடிக்கும் அறைக்குள் ஏறி, பிறகு வெளியே விழுந்தது. ஐந்தையும் மேசையில் வரிசையாக வைத்தார். என் மனைவி என் காதருகே, "ஏங்க, உள்ள இன்னொண்ணு இல்லைன்னு எப்படித் தெரியும்?" என்றாள். அவருக்கு மொழிபெயர்த்தேன். சிரித்துக்கொண்டே அடியில் சுண்டுவிரலை விட்டுத் தடவிக் காட்டினார். அவருக்கு ஐம்பது வருடப் பழக்கம். எனக்கு ஆறு வயதுப் பிள்ளை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இதில் மேகசினைக் கழற்றி ஓர் அலமாரியில் பூட்டலாம், துப்பாக்கியை இன்னொன்றில் பூட்டலாம். காலி செய்வதற்காக உயிருள்ள தோட்டாக்களை வரிசையாகச் சேம்பர் வழியே ஓட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரு பொறி உண்டு: மேகசினைக் கழற்றினாலும் சேம்பரில் ஏறிவிட்ட ஒன்று அங்கேயேதான் இருக்கும். சுடத் தயாராக இருக்கும்போது பம்ப் பூட்டிக்கொள்ளும். ட்ரிகர் வளையத்துக்குப் பின்னால் உள்ள சின்ன நெம்பை அழுத்தித்தான் திறக்க வேண்டும். முதலில் மேகசின், அப்புறம் நெம்பு, அப்புறம் கண்ணால் பார்ப்பது, விரலால் தடவுவது. தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அஜாக்கிரதையாக வைத்து, அது பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டால் டெக்சஸில் குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாங்கும் கதை சின்னது. க்ரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தடை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, அவற்றை வக்கீலிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். கடையில் 4473 என்ற படிவம், அதன்பின் எஃப்பிஐ சரிபார்ப்பு. எனக்கு அரைமணி நேரத்தில் முடிந்தது. ஊரில் ரேஷன் கார்டில் முகவரி மாற்ற அலைந்தவன் என்பதால் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

சரி, சுட்ட கதைக்கு வருவோம்.

முதல் வெடிக்கு முன் நான் செய்த தவறு, எடை பின்னால் போகும்படி சாய்ந்து நின்றது. காலி துப்பாக்கியே மூன்றரை கிலோ, பத்துத் தோட்டா இன்னொரு அரைக்கிலோ. அதைத் தூக்கிப் பிடிக்க உடம்பு தானாகவே பின்னால் சாய்கிறது. பெரியவர் முதுகில் கைவைத்து முன்னே தள்ளி நிறுத்தினார். பொடி ரவை போட்ட பயிற்சித் தோட்டா ஒன்றும் பெரிதாக இல்லை. அடுத்து பக்‌ஷாட். ஊரில் பால்ரஸ் என்போமே, அந்த அளவில் 8.4 மில்லிமீட்டர் ஈய உருண்டைகள் ஒன்பது. உலக்கைப் பூண் தோளில் இறங்கியது போல இருந்தது. கடைசியாக ஸ்லக்: 28 கிராமில் ஒற்றை ஈயக்கட்டி. நான்கு சுட்டேன், ஐந்தாவதை டப்பாவிலேயே விட்டுவிட்டேன். மறுநாள் சட்டை மாட்டும்போது தோள் ஞாபகப்படுத்தியது.

ஷாட்கன் என்றால் குறி பார்க்கவே வேண்டாம், விசிறியடித்தது போலப் பரவும் என்று நானும் நம்பியிருந்தேன். ஏழு கஜத்தில் ஒன்பது ஓட்டைகளும் ஒரு டீ சாஸருக்குள் அடங்கின. குறி தவறினால் ஒன்பதும் சேர்ந்தே தவறும்.

இரண்டாவது மேகசினில் மாட்டிக்கொண்டேன். கூடு பாதி வெளியே வந்து நின்றது. துப்பாக்கியில் கோளாறு என்று நினைத்தேன். கோளாறு என் கையில். உதைப்புக்குப் பயந்து பிடியை முழுக்க இழுக்காமல் விட்டிருக்கிறேன். அடிபம்பில் தண்ணீர் அடித்து வளர்ந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: அரைகுறையாக அடித்தால் ஒன்றும் வராது. முரட்டுத்தனமாக, கடைசிவரை இழுத்துக் கடைசிவரை தள்ளியதிலிருந்து அது திரும்ப வரவில்லை.

மேகசினை நேராக மேலே குத்தினால் ஏறாது. ரிமோட்டின் பின்மூடி போல முன்முனையைக் கொக்கியில் மாட்டி, பிறகு பின்பக்கத்தை மேலே அழுத்த வேண்டும். 'டக்' என்ற சத்தம் வந்த பிறகும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பத்தை நிரப்புவதில் கடைசி இரண்டு கட்டைவிரல் நகத்தைப் பதம் பார்க்கும். தோட்டா 2¾ அங்குலம் மட்டும். மூன்று அங்குலம் 870 டிஎம்மில் போகும், இதில் போகாது. கூடுதல் மேகசின் மலிவில்லை, அதையும் கணக்கில் சேருங்கள்.

எதிர்பாராமல் பிடித்தது சேஃப்டி பொத்தான். பின்பக்க முதுகின் மேல், நடுவில் இருக்கிறது; எந்தக் கைக் கட்டைவிரலும் எட்டும். இடதுகையால் எழுதி வாத்தியாரிடம் அடி வாங்கியவனுக்கு இதெல்லாம் பெரிய விஷயம். கூடு மட்டும் வலப்பக்கம்தான் தெறிக்கிறது, என் முகத்துக்குக் குறுக்கே.

டியூபின் ஒரு சௌகரியம் இதில் இல்லை: சுட்டுக்கொண்டே இடையில் ஒன்றிரண்டைச் செருகி நிரப்ப முடியாது. பெட்டியும் நடுவில் துருத்துவதால், மேசையில் ஊன்றிச் சுடும்போது பத்து தோட்டா மேகசின் இடிக்கிறது. புறா, வாத்து வேட்டைக்கென்றால் வாங்கவே வேண்டாம். வலசைப் பறவை வேட்டையில் துப்பாக்கி மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசு விதி. பத்தும் இருபதும் அங்கே சுமைதான்.

மனைவி ஒரே ஒரு பயிற்சித் தோட்டா சுட்டுவிட்டு, "போதும், நீங்களே வச்சுக்கோங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் காலியா என்று பார்ப்பது அவள்தான். நான் பார்த்து முடித்த பிறகு, அவளும் ஒருமுறை திறந்து விரல் விட்டுத் தடவிவிட்டுத்தான் பூட்டுகிறாள். அடுத்து வாங்கப்போவது ஐந்து தோட்டா மேகசின் இரண்டு.