எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்) டிரேடுக்கு புரோக்கர் விளக்கம் கேட்டு மெயில் போட்டா பதில் சொல்லணுமா?

கேள்வி: ஒரு ஸ்டாக் ஆப்ஷன்ல (ஒரு பங்கை குறிச்ச விலைக்கு வாங்கற இல்ல விக்கற உரிமை) பத்து லாட் (லாட்டுக்கு 1,500 பங்கு) பங்குக்கு 2 ரூபாய்க்கு வித்துட்டு அஞ்சு நிமிஷத்துல 14 ரூபாய்க்கு திருப்பி வாங்கினேன், ரெண்டு தடவையும் எதிர்ப்பக்கம் என் மச்சான் அக்கவுன்ட்தான். எனக்கு 1,80,000 நஷ்டம், அவருக்கு அதே அளவு லாபம். இப்ப புரோக்கர் சர்வைலன்ஸ் அலர்ட்னு (சந்தேகமான டிரேடுக்கு வர்ற கண்காணிப்பு எச்சரிக்கை) சொல்லி பேங்க் ஸ்டேட்மென்ட், ஐடிஆர் (வருமான வரி ரிட்டர்ன்), விளக்கம் எல்லாம் கேக்கறாங்க. சின்ன தொகைதானே, விட்டுடலாமா?

பதில்: விடாதீங்க. அந்த மெயில் புரோக்கர் சும்மா அனுப்பினது இல்ல. எக்ஸ்சேஞ்ச்ல இருந்து வர்ற அலர்ட்டையும் தன்னோட சிஸ்டத்துல வர்ற அலர்ட்டையும் புரோக்கர் பாத்து, கிளையன்ட் கிட்ட விளக்கம் வாங்கி, 45 நாளுக்குள்ள முடிச்சாகணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை எத்தனை அலர்ட் வந்துச்சு எத்தனை பாக்கின்னு எக்ஸ்சேஞ்சுக்கு ரிப்போர்ட்டும் போடணும். நீங்க பேசாம இருந்தா "கிளையன்ட் பதில் தரல"ன்னு எழுதிடுவாங்க, அது உங்களுக்குத்தான் பாதகம். பணப் பரிமாற்றம் சந்தேகமா தெரிஞ்சா எஃப்ஐயுக்கு (மத்திய அரசோட நிதிப் புலனாய்வுப் பிரிவு) தனியா ரிப்போர்ட் போகும், அப்படிப் போனதை உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு சட்டம்.

சின்ன தொகை, இதனால மார்க்கெட் அசையவா போகுதுங்கற வாதம் எடுபடாது. ராக்கி டிரேடிங் கேஸ்ல நிஃப்டி ஆப்ஷன்ல பேசி வெச்சு வித்து வாங்கினதுக்கு இதே மாதிரிதான் வாதாடினாங்க, செபி (பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தற அமைப்பு) உத்தரவை எதிர்த்துப் போற மேல்முறையீட்டு தீர்ப்பாயம் அதை ஏத்துக்கிச்சு, ஆனா 2018ல சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை மாத்தி இது மோசடி டிரேடுதான்னு சொல்லிடுச்சு. பிஎஸ்இல (மும்பை பங்குச் சந்தை) 2014 ஏப்ரல்ல இருந்து 2015 செப்டம்பர் வரைக்கும் நடந்த ஸ்டாக் ஆப்ஷன் டிரேடை செபி தோண்டினப்ப 14,720 பேர் மாட்டினாங்க, அதுல ஒரு சில டிரேடு மட்டுமே போட்ட சாதாரண ஆளுங்களும் உண்டு, இப்படி மோசடி டிரேடு போட்டது நிரூபணமானா செபி சட்டம் 15எச்ஏ படி குறைஞ்சபட்ச அபராதமே 5 லட்சம். உங்க நஷ்டம் 1,80,000தான்ங்கறதை நினைச்சுப் பாருங்க.

அதனால பதில்ல ஒரு பொய்கூட வேண்டாம். "தற்செயலா மேட்ச் ஆச்சு"ன்னு எழுதிடலாம்னு தோணும், ஆனா ரெண்டு ஆர்டரும் எந்த செகண்ட்ல, எந்த ஐபில இருந்து வந்துச்சுன்னு பதிவு இருக்கு, ஒரே வீட்டு வைஃபைன்னா அதுலயே தெரிஞ்சிடும். மச்சான் உங்க ஓடிபி வாங்கி அவரே போட்டிருந்தாலும் அதை மறைக்காதீங்க, ஓடிபி குடுத்ததும் தப்புதான், ஆனா பொய் சொல்லி மாட்டறது அதைவிட மோசம். புரோக்கர் ஆபீஸ்ல "நாங்களே ஒரு ஃபார்மட் தர்றோம், சைன் பண்ணுங்க"ன்னா பண்ணாதீங்க, நாளைக்கு செபி முன்னாடி நீங்க என்ன சொன்னாலும் இந்த முதல் பதிலோடதான் ஒப்பிட்டுப் பாப்பாங்க. தேதி கொஞ்சம் நீட்டிக்கச் சொல்லி மெயில்லயே கேளுங்க, அதுக்குள்ள காண்டிராக்ட் நோட் (புரோக்கர் தர்ற டிரேடு ரசீது), லெட்ஜர் (புரோக்கர் கிட்ட இருக்கற உங்க கணக்கு வரவு செலவு), மச்சானோட நடந்த பேங்க் டிரான்ஸ்ஃபர் எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரு வக்கீல் கிட்ட காட்டிட்டு அப்புறம் பதில் அனுப்புங்க. வாட்ஸ்அப் சாட் எதையும் டெலீட் பண்ண வேண்டாம். மச்சானுக்கும் அவரோட புரோக்கர் கேட்டிருக்க வாய்ப்பு அதிகம், அவர் வேற வக்கீல் வெச்சுக்கறது நல்லது, ஏன்னா உங்க ரெண்டு பேர் நிலைமையும் ஒண்ணு இல்ல.

இது இன்னும் செபி நோட்டீஸ் இல்ல. செபி சட்டம் 11சி பிரிவுல சம்மன் வந்தாத்தான் விசாரணை, அதுக்கு தகவல் தராம இருந்தா 15ஏ படி தனி அபராதம், ஒரு கோடி வரைக்கும் போகும். ஷோகாஸ் நோட்டீஸ் (ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு செபி கேக்கற நோட்டீஸ்) கைக்கு வந்துட்டா 60 நாளுக்குள்ள செட்டில்மென்ட்டுக்கு (பணம் கட்டி சமரசமா முடிக்கறது) அப்ளை பண்ணலாம், அந்தத் தேதியை மட்டும் தவற விட்டுடாதீங்க.