தாத்தா சொன்ன 'மாஞ்சா': வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர், இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக்குப் போய்வந்தார். அங்கே குளிர்காலத்தில் ஒரு குடியானவர் வீட்டில் தங்கியிருந்ததாகவும், மஞ்சள் களியை நூலால் அறுத்துக் கொடுத்ததாகவும் சொல்வார். எங்களைச் சாப்பிட உட்காரவைத்து "மாஞ்சா, மாஞ்சா" என்பார். பட்டம் விடுகிற மாஞ்சா என்றே நினைத்திருந்தோம். இதெல்லாம் கட்டுக்கதை என்கிறார் சித்தப்பா. உண்மையாக இருக்குமா?
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: சித்தப்பாவுக்கு இந்தப் பக்கத்தை அப்படியே படித்துக் காட்டுங்கள். இத்தாலிய மொழியில் 'மாஞ்சா' என்றால் 'சாப்பிடு'. அந்த வீட்டம்மா தட்டை நகர்த்தி வைத்துச் சொன்ன சொல்லாகத்தான் இருக்கும், அதைத்தான் தாத்தா பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறார். உங்கள் கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

களியின் பெயர் போலெந்தா. செம்புக் கொப்பரையில் தண்ணீர் கொதிக்கும்போது மக்காச்சோள மாவைத் தூவி, நீளக் கட்டையால் முக்கால் மணி நேரம் கைவிடாமல் கிண்டி, மரப்பலகையில் கவிழ்ப்பார்கள். கொஞ்சம் இறுகியதும் நூலை அடியில் கொடுத்து மேலே இழுத்தால் துண்டு அழகாக வரும், கத்தி என்றால் ஒட்டிக்கொள்ளும். ஒரு பங்கு மாவுக்கு நாலு பங்கு தண்ணீர் வைத்து நானும் கிண்டிப் பார்த்தேன், தோள்பட்டை விட்டுப்போயிற்று. ராகிக் களி சாப்பிட்டு வளர்ந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

1944-45 குளிர்காலத்தில் வட இத்தாலியில் நேச நாடுகளின் முன்னேற்றம் நின்றுபோய், அவர்களுடைய படைகள் பண்ணை வீடுகளில் தங்கின. இந்திய 8, 10ஆம் டிவிஷன்கள் அப்போது அந்தப் பக்கம்தான். அங்கே பல குடியானவர்கள் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுதவர்கள், பாதி நிலச்சொந்தக்காரருக்குப் போய்விடும், பின்வாங்கிய ஜெர்மானியர்கள் மாட்டையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். மிச்சமிருந்த மாவில்தான் உங்கள் தாத்தாவுக்கும் ஒரு துண்டு. அதற்கு முன்பே, 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தபோது முகாம்களிலிருந்து தப்பிய போர்க்கைதிகளை, இந்தியர்கள் உட்பட, இப்படிப்பட்ட குடும்பங்கள்தான் ஒளித்துவைத்துச் சோறு போட்டன, பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தும்.

சாப்பர்ஸ் இத்தாலியில் இருந்தார்களா என்று சித்தப்பா கேட்டால், சுபேதார் சுப்ரமணியன் பெயரைச் சொல்லுங்கள். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், 24 பிப்ரவரி 1944 அன்று மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடிமேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டவர், ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது பெற்ற மெட்ராஸ் சாப்பர்.

சரி, தாத்தாவின் டிரங்குப் பெட்டி இன்னும் இருக்கிறதா? ஆறு முனை நட்சத்திரப் பதக்கமும், சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு என்று கோடு போட்ட ரிப்பனும் கிடைத்தால் அது இத்தாலி ஸ்டார். அதன் பின்பக்கத்தில் தாத்தாவின் படை எண் பொறித்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் டிஸ்சார்ஜ் புத்தகம், அதாவது படையை விட்டு வரும்போது கொடுத்தது, இருக்கிறதா பாருங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், சாப்பர்ஸின் இன்றைய பெயர்) சென்டரில் விசாரியுங்கள். உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போனால் பத்து நிமிஷம் ஆகுமா?