பழைய பிக்கப்புக்குப் புதிய சேஸி: வாசகர் கேள்வி – பதில்

பழைய பிக்கப்பின் உடம்பைக் கழற்றி, புதிய வண்டியின் சேஸிமேல் (சக்கரமும் எஞ்சினும் பொருந்தும் இரும்புச் சட்டத்தின்மேல்) உட்கார வைப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த மாதப் பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்களைப் படித்தபோது ஒன்று தெரிந்தது. பலர் சேஸியை வாங்கி, அறுத்தும் முடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அளவைப் பற்றியும் ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) பற்றியும் கேட்கிறார்கள். தயவுசெய்து அந்த வரிசையை மாற்றுங்கள்.

என்னிடம் 1954 செவ்ரலே 3100 இருக்கிறது. கேபினும் பின்பெட்டியும் நன்றாக இருக்கின்றன, சேஸிதான் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. பழைய வண்டிகளின் அறுத்த பாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடையில் முதல் தலைமுறை இசுசு டி-மேக்ஸ் சேஸி எஞ்சினோடு கிடைக்கிறது. “போல்ட் போட்டால் உட்கார்ந்துவிடும்” என்கிறார் ஃபோர்மென். உண்மையா? – வாசகர், செந்தூல்

போல்ட் போட்டால் மட்டும் உட்காராது. 3100இன் வீல்பேஸ், அதாவது முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம்வரை உள்ள தூரம், 116 அங்குலம், அதாவது 2,946 மில்லிமீட்டர். அந்த டி-மேக்ஸுக்கு 3,050. இடைவெளி 104 மில்லிமீட்டர். முன்சக்கரத்தை மட்கார்டுக்கு நேராக வைத்துக் கேபினை இறக்கினால், பின்சக்கரம் வளைவின் நடுவில் நிற்காமல் பின்னால் ஒதுங்கி நிற்கும். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் கண்ணுக்குக்கூட அது தப்பாது.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள். பின்பெட்டியை 104 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளலாம். கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே கை நுழையும் சந்து விழும். 3100இல் பின்மட்கார்டு பெட்டியின் பக்கவாட்டில் போல்ட் போட்டு மாட்டியதுதான், அதனால் மட்கார்டை மட்டும் பின்னால் நகர்த்தலாம். ஆனால் பழைய ஓட்டைகளை அடைக்க வேண்டும், கேபினுக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள படியையும் நீட்ட வேண்டும். மூன்றாவது, சேஸியை 104 மில்லிமீட்டர் குறைப்பது. 3100இன் அழகே அதன் பக்கத் தோற்றம்தான். அதைக் கெடுக்காத வழி இந்த மூன்றாவதுதான். நல்ல வெல்டர் கிடைக்காவிட்டால் முதல் வழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சந்து விழுந்தால் அழகுதான் கெடும், மோசமான வெல்டிங்கோ உயிருக்கே ஆபத்து.

மற்ற சேஸிகளையும் பார்த்துவிடலாம். 2005க்குப் பிறகு வந்த மிட்சுபிஷி டிரைட்டன் 3,000, டொயோட்டா ஹைலக்ஸ் வீகோ 3,085. டிரைட்டனுக்கு 54 மில்லிமீட்டர்தான் குறைக்க வேண்டும் என்பதால் வேலை பாதியாகிவிடாது. 54 என்றாலும் 104 என்றாலும் அறுப்பு அறுப்புதான். அதனால் வீல்பேஸை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எது முழுசாக, வயரிங் அறுபடாமல் கிடைக்கிறதோ அதை எடுங்கள். ஈசியு (எஞ்சினை இயக்கும் கணினி), சாவி, இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புக் கருவி), மீட்டர், ஆக்சிலரேட்டர் பெடல் ஐந்தும் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் மாதக்கணக்கில் கிடக்கலாம்.

டி-மேக்ஸில் ஒரு வசதி உண்டு. 3100இன் சக்கரத்துக்கு ஆறு போல்ட், 5½ அங்குல வட்டம். அது 139.7 மில்லிமீட்டர். டி-மேக்ஸுக்கும் அதே ஆறு, அதே 139.7. ஆனால் மரை வேறு: செவ்ரலேயில் 7/16 அங்குலம், டி-மேக்ஸில் 12 மில்லிமீட்டர். பழைய நட்டை ஏற்றப் பார்க்காதீர்கள். பழைய ஒடுங்கிய ரிம் டிஸ்க் பிரேக்கின் கேலிப்பரில் (தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தில்) உரசுகிறதா என்று கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

கடைசியாக, பழைய சேஸியைக் கழற்றும் முன்பே அளந்துவிடுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கர மையங்களிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறியுங்கள். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள ஃபயர்வாலிலிருந்து முன்சக்கர மையம்வரை, கேபினின் பின்சுவரிலிருந்து பின்சக்கர மையம்வரை, தரையிலிருந்து படியின் அடிவரை, சக்கரம் மாட்டும் இடது ஹப்பின் முகத்திலிருந்து வலது ஹப் முகம்வரை, இந்த நான்கு அளவும் தாளில் இருக்க வேண்டும். உடம்பு கழன்றபின் இவற்றில் பலவற்றை எங்கேயும் எடுக்க முடியாது.

சேஸியைக் குறைப்பதென்றால் எங்கே அறுப்பது? நேராக அறுத்து ஒட்டி, மேலே தகடு வைத்து வெல்டிங் அடித்தால் போதாதா? – வாசகர், பட்டர்வொர்த்

போதாது. நேராக மேலிருந்து கீழே அறுத்து ஒட்டிய சேஸி எங்கே உடையும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். வண்டி குழியில் இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் சேஸியின் இடது, வலது நீளச் சட்டங்களின் மேல்தட்டும் அடித்தட்டும்தான் இழுபடுகின்றன. வெல்டிங் கோடு அந்தத் தட்டுகளில் ஒரே இடத்தில் குறுக்காக ஓடினால், அடித்தட்டின் ஓரத்தில் முதலில் மயிரிழைபோல ஒரு துருக்கோடு பெயின்ட்டின் வழியே தெரியும். அது துரு இல்லை, விரிசல். தண்ணீர் உள்ளே போய்த் துருவாக வெளியே வருகிறது. தகடு வைத்தாலும், அதன் முனையைச் செங்குத்தாக வெட்டிச் சுற்றிலும் வெல்டிங் அடித்திருந்தால், விரிசல் அந்த முனையிலேயே தொடங்கும்.

முதல் தலைமுறை டி-மேக்ஸுக்கு முன்னால் டார்ஷன் பார், அதாவது முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் தண்டு. அதன் பின்முனை கேபினுக்கு அடியில் ஒரு குறுக்குச் சட்டத்தில் பிடித்திருக்கும். அதற்குப் பின்னால், பின் பட்டை ஸ்பிரிங்கின் முன்தாங்கிக்கு முன்னால் வரும் நேரான பகுதியில்தான் அறுப்பு. வளைவு, குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் தாங்கி எதிலிருந்தும் 100 மில்லிமீட்டராவது தள்ளியிருக்கட்டும்.

அறுப்பு படிபோல இருக்க வேண்டும். மேல்தட்டில் ஓரிடத்தில், அடித்தட்டில் அதிலிருந்து 150 மில்லிமீட்டர் தள்ளி, நடுவில் பக்கச்சுவரில் நீளவாக்கில் இணைக்கும் கோடு. வெட்டி எடுக்கும் துண்டின் மறுபக்கத்தில் அதே வடிவில் இரண்டாவது கோடு. வெல்டிங் வேர்வரை இறங்க 2 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பதால், வெட்டி எடுக்க வேண்டியது 104 இல்லை, 106. இந்த இரண்டை மறந்துவிட்டு வண்டி முடிந்தபின் கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. கிரைண்டர் தட்டு தின்னும் கனத்தையும் கோட்டின் எந்தப் பக்கம் விடுகிறீர்கள் என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள்.

அறுக்கும் முன் இரண்டு சட்டங்களுக்கும் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாக வெல்டிங் வைத்துப் பூட்டுங்கள். டீசல் டாங்க், பிரேக் குழாய், வயரிங் எல்லாம் கழன்றிருக்க வேண்டும். பேட்டரி இரு முனையும், ஈசியுவின் பிளக்கும் கழற்றப்பட வேண்டும். வெல்டிங் எர்த்தை அறுப்புக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தள்ளி மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுத்துவிடும்.

சட்டத்தின் உள்ளே இறுக்கமாக நுழையும் ஓர் உள்பெட்டி வேண்டும். சட்டத்தின் அதே கனம், நீளம் 450 மில்லிமீட்டர்: படியறுப்பு 150, இரு பக்கமும் 150. பக்கச்சுவரில் 14 மில்லிமீட்டர் ஓட்டைகள் போட்டு அவற்றின் வழியே உள்பெட்டியோடு வெல்டிங் நிரப்புங்கள். மேல்தட்டிலும் அடித்தட்டிலும் ஓட்டை வேண்டாம். வெளித்தகடு வைத்தால் பக்கச்சுவரில் மட்டும், வைர வடிவில், கூர்முனை நீளவாக்கில் இருக்கட்டும்.

வெல்டிங் ராடு என்றால் 7018 ரகம். நம் ஊர்க் காற்றின் ஈரத்தை அது சீக்கிரம் குடித்துவிடும். பொட்டலம் பிரித்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடந்ததைச் சேஸியில் பயன்படுத்தாதீர்கள். 25, 30 மில்லிமீட்டருக்கு ஒரு துண்டு, இடது சட்டத்தில் ஒன்று, வலதில் ஒன்று, கை வைக்கும் அளவுக்கு ஆறவிட்டு அடுத்தது. நான்கு துண்டுக்கு ஒருமுறை குறுக்களவு பாருங்கள். இரண்டு மூலைவிட்டங்களும் 3 மில்லிமீட்டருக்குமேல் வித்தியாசப்படக்கூடாது. முடிந்ததும் சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்து, வெள்ளைப் பூச்சு தெளித்து விரிசல் பார்க்கும் சோதனையைச் செய்துவிடுங்கள். வெல்டிங் சூட்டில் சட்டத்தின் உள்பெயின்ட் எரிந்திருக்கும். பினாங்கின் கடல்காற்றுக்கு அது போதும், உள்ளிருந்து அரிக்கத் தொடங்கிவிடும். நீளக்குழாய் வைத்து உள்ளே மெழுகு தெளியுங்கள், நீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள்.

எஞ்சினின் சுழற்சியைப் பின்அச்சுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டும் அதே 104 குறைய வேண்டும். குறைத்தபின் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டினால் வேகமெடுக்கும்போது தரை அதிரும். இரு முனையின் யோக்கும் (மூட்டைப் பிடிக்கும் கவையும்) ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்பதை அறுக்கும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். கைப்பிரேக் கேபிளையும் மறக்க வேண்டாம்.

சேஸி மாற்றிய பிறகு பிரேக் பெடல் பஞ்சுபோல இருக்கிறது. பிரேக் குழாயிலிருந்து இரண்டு முறை காற்று எடுத்தாயிற்று. மழையில் மிதித்தால் பின்பக்கம் வழுக்குகிறது. – வாசகர், ஜெலுத்தோங்

இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

பழைய பிக்கப்பில் பெடல் தரையைத் துளைத்துக்கொண்டு வரும், மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில். புதிய சேஸியோடு வரும் பூஸ்டரோ (மிதியின் பலத்தைக் கூட்டும் கருவி) ஃபயர்வாலில் தொங்குவது. அந்தக் காலத் தகரம் அதற்காகச் செய்யப்படவில்லை. ஒருவரை உள்ளே உட்கார்ந்து மிதிக்கச் சொல்லி, பானட்டைத் திறந்து பூஸ்டரைப் பாருங்கள். அது முன்னால் அசைந்தால் கோளாறு பிரேக் எண்ணெயில் இல்லை, தகரத்தில். ஃபயர்வாலின் இரு முகத்திலும் 3 மில்லிமீட்டர் தகடு வைத்து, பெடல் தாங்கியின் மேல்முனையை டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு குறுக்குக் குழாயோடு கட்டுங்கள்.

பின்பக்கம் வழுக்குவதற்குப் பின்அச்சில் பாருங்கள். பல பிக்கப்களில் சுமைக்கு ஏற்பப் பின்பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்கு இறங்கும். சேஸி வேலையின்போது அந்தக் கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். அதனால் அந்த வால்வு, வண்டி நிறையச் சுமை இருக்கிறது என்று நினைத்து முழு அழுத்தத்தையும் பின்னுக்கு அனுப்புகிறது. பெட்டி காலி, ஈரச்சாலை, சக்கரம் பூட்டிக்கொள்கிறது. கம்பியைப் பழைய நீளத்திலேயே அச்சோடு மாட்டுங்கள். அதுவரை மழையில் ஓட்ட வேண்டாம்.

கேபினை எதன்மேல் உட்கார வைப்பது? சேஸியில் நேராக வெல்டிங் வைக்கலாமா? – வாசகர், கெப்போங்

வேண்டாம். சேஸி முறுக்கிக்கொள்ளும், கேபின் முறுக்கக்கூடாது. நேராக ஒட்டினால் கதவு மூடாது, முன்கண்ணாடி மூலையில் கீறல் விழும். 6 மில்லிமீட்டர் தகட்டில் தாங்கி செய்து, சேஸியோடு வந்த ரப்பரையே வைத்து, 8.8 தர 12 மில்லிமீட்டர் போல்ட் போடுங்கள். ரப்பருக்குள் இரும்புக் குழல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறுக்க இறுக்க ரப்பர் நசுங்கும். கேபின் தரையில் போல்ட் வரும் இடத்துக்கு மேல் 100க்கு 100 அளவில் 3 மில்லிமீட்டர் தகடு. கதவுகளை மாட்டி மூடிவைத்தபடிதான் தாங்கிகளைப் பாயின்ட் வெல்டிங் செய்ய வேண்டும், கதவில்லாத வெற்றுக் கேபினில் அல்ல.

ஸ்டீயரிங் தண்டுக்கு மூன்று மூட்டு தேவைப்பட்டால் நடுவில் ஒரு தாங்கு பேரிங் கட்டாயம். அது இல்லாத மூன்று மூட்டுத் தண்டு திருப்பத்தில் மடங்கிவிடும்.

பழைய விளக்குகள், வைப்பர், ஹாரனை அப்படியே வைத்துக்கொள்ளலாமா? – வாசகர், ஜார்ஜ் டவுன்

1954 வண்டி 6 வோல்ட், புதிய சேஸி 12 வோல்ட். பல்புகளையும் ஹாரனையும் மாற்றுங்கள். விளக்குக் கூடும் கண்ணாடியும் பழையதாகவே இருக்கட்டும், அவைதான் முகம். சீட்டுக்குப் பின்னால் கேபினுக்குள் இருக்கும் பழைய பெட்ரோல் டாங்க்கைக் கழற்றிவிடுங்கள். டீசல் டாங்க் சேஸியோடு வந்துவிட்டது, இனி அதை முதுகுக்குப் பின்னால் சுமக்கத் தேவையில்லை.

கிராண்டில் (வண்டியின் பதிவு ஆவணத்தில்) இருக்கும் சேஸி நம்பரைப் பழைய சேஸியிலிருந்து வெட்டிப் புதிய சேஸியில் ஒட்டிவிட்டால் பிரச்சினை இருக்காது என்கிறார்களே? – வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

அதைச் செய்யவே செய்யாதீர்கள். இப்படிச் சொல்பவர் உங்களை ஒரு குற்றத்துக்குள் இழுக்கிறார். வண்டியின் அடையாளமே சேஸி நம்பர்தான். அதை வெட்டி ஒட்டிய வண்டிக்கும் திருட்டு வண்டிக்கும் சோதனையில் வித்தியாசம் தெரியாது. வாகனச் சோதனை மையமான புஸ்பாகோமில் முதலில் பார்ப்பதே நம்பரும் அதைச் சுற்றியுள்ள உலோகமும்தான். வண்டி பறிபோனால் திரும்ப வராது.

சேஸி வாங்கும் முன் ஜேபிஜே அலுவலகத்துக்கு நேரில் போங்கள். இரண்டு வண்டிகளின் கிராண்ட், சேஸி வாங்கப்போகும் கடையின் ரசீது மாதிரி, வீல்பேஸ், அச்சு, அறுக்கும் இடம் குறித்த வரைபடம் இவை கையில் இருக்கட்டும். வரைபடத்தில் பதிவு பெற்ற மெக்கானிக்கல் இன்ஜினியரின் கையெழுத்து இருந்தால் பேச்சு எளிதாகும். இந்த மாற்றத்தை ஏற்பார்களா, ஏற்றால் எந்த நம்பரில் பதிவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பி அறுக்க வேண்டாம். மறுத்துவிட்டால், பழைய சேஸியின் துருப்பிடித்த பகுதியை மட்டும் வெட்டி மாற்றி, முன்னால் டிஸ்க் பிரேக் போடும் வழியைப் பற்றியும் அதே மேசையில் கேளுங்கள். பல வண்டிகளுக்கு உண்மையில் அதுவே போதும். அனுமதி கிடைத்தால் காப்புறுதி நிறுவனத்துக்கும் அந்தக் கடிதத்தின் நகல் போக வேண்டும்.

எல்லாம் முடிந்து ஓட்டத் தொடங்கிய பிறகு என்ன பார்க்க வேண்டும்? – வாசகர், பாயான் லெப்பாஸ்

பழைய உடம்பின் எடை வேறு என்பதால் முன்பக்கத்தின் உயரம் மாறியிருக்கும். டார்ஷன் பார் போல்ட்டை இருபக்கமும் சமமாகத் திருகி உயரத்தைச் சரிசெய்யுங்கள், அதன் பிறகுதான் அலைன்மெண்ட். முதலில் அலைன்மெண்ட் செய்துவிட்டு உயரத்தை மாற்றினால் கொடுத்த பணம் வீண். 200 கிலோமீட்டரில் கேபின் போல்ட்டுகளையும் பட்டை ஸ்பிரிங்கின் யூ போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். 1,000 கிலோமீட்டரில் வண்டியைத் தூக்கி, வெல்டிங் பகுதியைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்து அடித்தட்டின் ஓரத்தைப் பாருங்கள். அந்த இடத்துக்கு வெளிர்நிறப் பெயின்ட் அடித்து வைத்தால் துருக்கோடு உடனே தெரியும். கோடு தெரிந்தால் அதன்மேல் வெல்டிங் அடிக்கச் சொல்லாதீர்கள். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, வரைபடத்தில் கையெழுத்திட்ட இன்ஜினியரை அழையுங்கள்.