பழைய கம்ப்யூட்டருக்கு 4 ஜிபி ரேம் வாங்கிப் போட்டேன், டிஸ்ப்ளேயே வரவில்லை. பொருந்துகிற ரேம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்தது, ஆனால் ஓடவில்லை, அதுதானே? நீங்கள் சொல்லாவிட்டாலும் அப்படித்தான் இருக்கும். டிடிஆர்2, 3, 4 என்று ரேமில் தலைமுறைகள் உண்டு, மூன்றுக்கும் அடியில் இருக்கிற வெட்டு வேறு வேறு இடத்தில் வரும். தலைமுறை மாறியிருந்தால் உள்ளேயே போயிருக்காது. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு முரண்டு பிடிக்கிற ரேமிடம் நானும் மாட்டியிருக்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்சந்தைப் பக்கம் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்துப் போட்டதில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்பி வரவே பத்து நாளுக்கு மேல் ஆனது. வந்த அன்று காலையிலேயே வாசலில் கூட்டம். வாழை போச்சு, ரப்பர் சாய்ஞ்சு போச்சு, ஓடு பறந்து போச்சு என்று மனு அடிக்க வந்தவர்கள். ஆளுக்கு இருபது முப்பது போட்டோ. என் மெஷினில் இருந்தது 2 ஜிபி. ஒரு போட்டோவைத் திறக்கக் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். "மக்கா, இது நாளைக்காவது முடியுமா?" என்று ஒரு பெரியவர் கேட்டபோது மானம் போய்விட்டது.

அன்று ராத்திரியே ஆன்லைனில் ஒரு 4 ஜிபி டிடிஆர்3 ஆர்டர் போட்டேன். வடசேரியில் தெரிந்த ஒரு அண்ணாச்சி கடை இருக்கிறது. அவரிடம் கேட்டிருக்கலாம். அவர் சொன்ன விலையைவிட முந்நூறு ரூபாய் குறைவு, அப்புறம் 'எனக்குத் தெரியாததா' என்கிற திமிர் வேறு.

அது வந்து சேர்ந்த கதை தனி. எங்கள் பக்கம் இரண்டு ஊருக்கு ஒரு ஊர் 'விளை'தான். புதுவிளை, காட்டுவிளை, பள்ளிவிளை. கூரியர் தம்பி தக்கலையில் நின்றுகொண்டு "எந்த விளை அண்ணே?" என்று போன் போடுவான். பின்கோடு, அடையாளத்துக்குச் சர்ச், எல்லாம் எழுதியும் 'முகவரி கிடைக்கவில்லை' என்று மெசேஜ் வரும். இரண்டு தடவை அப்படி வந்தபிறகு நானே பைக்கை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தேன். வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம் என்பவர்கள் பெட்ரோலுக்குக் காசு தருவார்களா?

போட்டேன். ஸ்க்ரீன் கறுப்பு, நீளமாக ஒரு பீப், அவ்வளவுதான். ரேமின் அடியில் ஸ்லாட்டுக்குள் போகிற உலோகக் காலை அழிரப்பர் வைத்துத் துடைத்தேன் (இங்கே இரண்டு பருவ மழை, கடையும் ஓதம், காலில் பாசி மாதிரி பிடிக்கும், நீங்களும் முதலில் துடைத்துப் பாருங்கள்). ஸ்லாட் மாற்றினேன். மாற்றமில்லை. பழைய 2 ஜிபியைத் திருப்பிப் போட்டால் உடனே ஓடுகிறது.

வேறு வழியில்லாமல் அண்ணாச்சியிடம் போனேன். அவர் கம்ப்யூட்டரைக்கூடக் கேட்கவில்லை. ரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒங்க போர்டு ஜி41தானே? இதுல எட்டு சிப்தான் இருக்கு, ஒரு பக்கம் மொட்டை. பதினாறு சிப்பு உள்ளது போடணும்" என்றார். விஷயம் இதுதான்: ஒரே 4 ஜிபியைக் கொள்ளளவு சின்ன சிப்பாகப் பதினாறிலும் நிரப்பலாம், கொள்ளளவு பெரிய சிப்பாக எட்டிலும் நிரப்பலாம். ஜி41 மாதிரிப் பழைய இன்டெல் சிப்செட்டுக்கு (போர்டில் ரேமைக் கையாளுகிற சிப்) அந்தப் பெரிய சிப்பைப் படிக்கத் தெரியாது. ஸ்டிக்கரில் 2ஆர்×8 என்று இருந்தால் இரண்டு பக்கமும் சிப், 1ஆர்×8 என்றால் ஒரு பக்கம். வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அந்தப் போர்டில் 1333 வேக ரேம் போட்டாலும் 1066 வேகத்தில் இறங்கி ஓடும்.

பதினாறு சிப் இருந்தாலே போதுமா என்று யாராவது கிளம்புவீர்கள், தெரியும். போதாது. 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் போட்டு மலிவாக விற்பதிலும் பதினாறு இருக்கும், இன்டெல் போர்டில் அது ஓடாது. நான் இன்ஜினியர் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். புது மெஷின் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வர வேண்டாம்.

உங்களுக்கு: பழைய ரேமைப் போட்டு ஆன் செய்து, சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் போர்டின் பெயரைப் பாருங்கள். அந்தப் பெயரைத் தேடினால் எத்தனை ஜிபி வரை தாங்கும் என்று போர்டு கம்பெனியே போட்டிருக்கும். விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் வாங்கிப் பயனில்லை. லேப்டாப் என்றால் ரேமே அளவில் சின்னது, அதோடு வோல்டேஜும் பார்க்க வேண்டும். டிடிஆர்3எல் (வோல்டேஜ் குறைந்த டிடிஆர்3) கேட்கிற மெஷினுக்கு 1.35 வோல்ட் ரேம்தான், 1.5 அல்ல. கடைக்குப் போனால் பழைய ரேமைக் கையில் கொண்டுபோங்கள்.

அண்ணாச்சி கொடுத்த இரண்டு 4 ஜிபியும் இன்றும் ஓடுகின்றன. அந்த எட்டு சிப் ரேமை மச்சானின் எச்61 போர்டில் (ஜி41ஐவிடப் புதியது) போட்டுப் பார்த்தேன், முதல் தடவையிலேயே டிஸ்ப்ளே வந்தது. 'டூப்ளிகேட் மால், ஏமாற வேண்டாம்' என்று அந்த விற்பனையாளருக்கு ஒரு ஸ்டார் போட்டு எழுதியதை மட்டும் இன்னும் அழிக்கவில்லை.