முகூர்த்தம் இல்லாத மாதங்கள்

அன்புள்ள சார்,

காரைக்குடியில் கல்யாண போட்டோகிராபராக இருக்கிறேன். தை பிறந்தால் மூச்சுவிட நேரமில்லை. கேண்டிட், ப்ரீ வெட்டிங், ஆல்பம் டிசைன் என்று ஓடுகிறது. வீட்டுக்கடனும் அதில்தான் அடைகிறது. ஆனால் நான் கேமரா வாங்கியது கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பூட்டிக் கிடக்கிற பெரிய செட்டிநாட்டு வீடுகளை எடுக்கத்தான். இப்போது எதைப் பார்த்தாலும் ஆல்பம் பக்கமாகவே கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு வருஷம் கல்யாண வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா? சில படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

விடாதீர்கள். கடனுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த வீடுகள் ஒவ்வொன்றுக்கும் எத்தனை பங்காளிகள் என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில். கேமராவும் கையுமாய்ப் போய் நின்றால் வாட்ச்மேன் முகப்பைத் தாண்ட விடமாட்டார். அதே வீட்டில் கல்யாணம் என்றால் வெள்ளையடித்து, பூட்டின அறையெல்லாம் திறந்து, ஊர்ப்பட்ட சனம் வந்து இறங்குகிறது. நீங்கள் வளவிலும் (நடு முற்றம்) இரண்டாம் கட்டிலும் அடுப்படியிலும் விடியற்காலை முதல் திரிகிறீர்கள். ஏன் என்று கேட்க ஆளில்லை. வேலையை விட்டால் இந்த உரிமையும் போய்விடும்.

படங்களைப் பார்த்தேன். உதிர்ந்த காரை, துருப்பிடித்த பூட்டு, ஆத்தங்குடிக் கல்லில் விழுகிற வெயில். குறை சொல்ல முடியாத படங்கள். ஆனால் ரிசார்ட் விளம்பரத்திலும் இதேதான் வருகிறது, உங்கள் ப்ரீ வெட்டிங்கிலும் இதேதான் (ஜோடி மட்டும் இல்லை). ‘ஆல்பத்தில் சேராதது’ என்று கடைசியில் போட்டிருந்தீர்களே, அது வேறு. வளவுத் தூணில் சாய்ந்து ஓர் ஆச்சி, பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களை எழுதிவைத்த நோட்டைப் பார்க்கிறார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருக்கிறது. விரல் ஒரு வரியில் நின்றுவிட்டது. கணக்கில் ஏதோ குறைகிறது போல. பரப்பிவைத்த எவர்சில்வர் தூக்குகளில் வளவின் வானம் கோணல்கோணலாகத் தெரிகிறது. ஓரத்தில் மணப்பெண்ணின் முழங்கை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, அதனால்தான் ஒதுக்கியிருப்பீர்கள். அவ்வளவு பெரிய வீட்டை எதற்குக் கட்டினார்கள் என்பது எனக்கு இந்தப் படத்தில்தான் புரிந்தது. பூட்டின வீட்டை எத்தனை கோணத்தில் எடுத்தாலும் அது வராது.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, மாற்றி எழுதிக்கொள்ளாத வரை, அவரே முதல் உரிமையாளர். எடுத்த உங்களுக்கு உரிமையில்லை. நாளைக்குக் கண்காட்சி, புத்தகம் என்று போனால் இது முன்னால் வந்து நிற்கும். அட்வான்ஸ் வாங்கும்போதே கொட்டேஷனில் இரண்டு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நகைக்குப் பயந்து மறுப்பார்கள், கழுத்துருவை (செட்டிநாட்டுக் கல்யாணத் தங்கத் தாலி) ஊருக்குக் காட்ட யார் சம்மதிப்பார்? நகை தெரியாத படங்கள் மட்டும் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

ஒரு வருஷம் எதற்கு? ஆடியும் மார்கழியும் சும்மாதானே இருக்கின்றன. நம் ஆட்கள் அந்த மாதங்களை லென்ஸ் சர்வீஸிலும் பாக்கி வசூலிலும் கழித்துவிடுகிறார்கள். அமெரிக்க போட்டோகிராபர் இர்விங் பென் 1948இல் வோக் பத்திரிகையின் ஃபேஷன் வேலையாகப் பெரு நாட்டுக்குப் போனார். வேலை முடிந்ததும் ஊர் திரும்பாமல், கூஸ்கோவில் உள்ளூர்க்காரர் ஒருவரின் ஸ்டுடியோவை வாடகைக்குப் பிடித்தார். படம் எடுத்துக்கொள்ள வந்த ஜனங்களுக்கு அவரே காசு கொடுத்து நிற்கவைத்து எடுத்தார். இன்றைக்கும் பேசப்படுகிற படங்கள் அவை. பத்திரிகை அனுப்பாவிட்டால் அவர் கூஸ்கோ பக்கம் போயிருப்பாரா என்பதே சந்தேகம்.

ப்ரீ வெட்டிங்தான் கண்ணைக் கெடுக்கிறது என்று தோன்றினால் அதை மட்டும் குறையுங்கள். ரேட்டை ஏற்றிச் சொன்னாலே பாதிப் பேர் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். முகூர்த்தத்தில் கை வைக்காதீர்கள்.

அன்புடன்.